எட்டு வாரத் தியானம்

ஊர் கூடி அழுது வழியனுப்பி வைத்த மறுநாள் காலையில், ஆப்பிரிக்கப் பயணம் தள்ளிப்போய்விட்டதாக டெர்வ்லாவுக்கு மின்னஞ்சல் வந்தது.

"மலாவியில் தாங்கள் தொண்டாற்றவிருக்கும் பள்ளியின் தலைமையாசிரியை சகோதரி அவர்கள் எட்டு வாரத் தியானத்துக்குச் சென்றிருப்பதால், தங்கள் வருகை ஆகஸ்டு இறுதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது. வருந்துகிறோம்."

சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் ஆகஸ்டு என்றுதான் இருந்தது. வெளியே ஜூன் மாதத்து மழை தூறிக்கொண்டிருந்தது.

"எட்டு வாரத் தியானமா? அந்தக் கிழவி அப்படி என்ன பாவம் பண்ணிச்சாம்?" என்றாள்.

அம்மா நோரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடியே, நேத்து ராத்திரி ஊர் மன்றத்துல நூத்திநாப்பது பேரு உன்னக் கட்டிப்பிடிச்சு அழுதிருக்காங்க. ஃபாதர் உன் பெட்டிமேல தீர்த்தம் தெளிச்சாரு. இப்பப் போயி, 'போகல, சும்மா இருக்கேன்'னு சொல்லுவியா?"

சொல்லியிருக்கலாம். வேறு ஊராக இருந்தால் சொல்லியும் இருப்பாள். ஆனால் அயர்லாந்தின் கில்பிரீடா கிராமத்தில் ஒருவருக்கு விடைகொடுத்தால் கொடுத்ததுதான். அதைத் திருப்பித் தரும் வழக்கம் கிடையாது. டெர்வ்லா அந்த ஊர்த் தொடக்கப் பள்ளி டீச்சர் வேறு. முந்தின இரவு, முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையேறிப் பாட்டுப் பாடினார்கள். ஊர்க் கால்பந்துக் குழு, முதுகில் அவள் பெயர் பொறித்த பச்சைச் சட்டையைப் பரிசளித்தது. அதை உடனே போட்டுக்கொண்டு, "உங்களையெல்லாம் இனி ஒரு வருடம் கழித்துத்தான் பார்ப்பேன்" என்று விம்மியவள் இவள்தான்.

"ரெண்டு நாள் ஒளிஞ்சிருக்கேம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

இரண்டு நாள் என்பது சுலபமில்லை என்று அன்று மாலையே தெரிந்தது. மகளைப் பிரிந்த தாயைத் தேற்ற ஊர் திரண்டு வந்தது. ஆப்பிள் பணியாரத்தோடு வந்த தபால் நிலையத்து பிரீஜ், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து ஆறுதல் சொன்னாள். டெர்வ்லா மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் குப்பை உறிஞ்சும் இயந்திரத்துக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு தும்மலை அடக்கினாள். கடைசியில் அடக்க முடியவில்லை.

"என்ன சத்தம் நோரீன்?"

"பூனை."

"உங்க வீட்ல ஏது பூனை?"

"டெர்வ்லா போன சோகத்துல இன்னிக்குத்தான் வாங்கினேன்" என்றாள் அம்மா. மறுநாள் பிரீஜ் அதற்குத் தீனி கொண்டுவந்தாள். அதற்கு மறுநாள் அம்மா பக்கத்து நகரத்துக்குப் போய் உண்மையிலேயே ஒரு பூனை வாங்கிவர வேண்டியதாயிற்று.

"உனக்குப் பூனை முடி ஆகாதுடி, தும்மியே மாட்டிக்குவ. ஒண்ணு நீ இரு, இல்ல அது இருக்கட்டும்" என்றாள். பூனையை பிரீஜ் பார்த்துவிட்டாள். ஆகவே டெர்வ்லா கிளம்ப வேண்டியதாயிற்று.

எங்கே போவது? அங்கேதான் அவளுடைய ரகசியம் கைகொடுத்தது. பதினாறு வயதிலிருந்து அவள் பின்லாந்து நாட்டு 'ஹெவி மெட்டல்' இரைச்சல் இசைக்குழு ஒன்றின் ரசிகை. குழுவின் பெயருக்குக் காக்கைக் கூட்டம் என்று பொருள். முகம் முழுக்கக் கறுப்பு மை பூசி, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் வரைந்துகொண்டு, கச்சேரியில் 'கா கா' என்று கத்துவது ரசிகர்களின் முறை. ஜெபம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் இப்படிச் செய்வதை ஊர் தாங்காது என்று மூச்சுவிடாமல் இருந்தாள். மலாவிக்காக இந்தக் கோடைச் சுற்றுப்பயணத்தை அவள் தியாகம் செய்திருந்தாள். இப்போது பார்த்தால் அதுவும் சரியாக எட்டு வாரம்.

ஐரோப்பாவைச் சுற்றிவரும் ரயில் சீட்டு எடுத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் பெரிய வெட்கம்.

ஆம்ஸ்டர்டாமில், கச்சேரி அரங்கின் வாயிற்கதவுக்கு முன் நின்ற வரிசையில் அவளுக்கு ஒரு துணை கிடைத்தது. காக்கைகள் தங்களுக்குள் நிஜப் பெயர் சொல்லிக்கொள்வதில்லை. கட்டை குட்டையாக, முழங்கால்வரை பூட்ஸ் போட்ட இந்தப் பெண்ணை எல்லோரும் அண்டங்காக்கா என்றார்கள். மைக்கு அடியில் வயது தெரியவில்லை. பேச்சில் அயர்லாந்து வாடை இருந்தது. முன்வரிசைக் கம்பியைப் பிடித்துவிட்டால் ஆறடி ஆண்களாலும் அவளை நகர்த்த முடியாது. அப்படிப்பட்டவள் காலை ஐந்து மணிக்கே எழுந்து எங்கேயாவது அரைமணி தனியாக உட்கார்ந்துவிட்டு வருவாள். தலைவலி தீர்வதற்கு என்று டெர்வ்லா நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஊரில் டெர்வ்லா அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எல்லாம் அந்தக் கிழவியாலதான் அக்கா. தலைமையாசிரியையாம், தியானமாம்! அங்க பிள்ளைங்க டீச்சர் இல்லாம காத்துக் கிடக்குது, இது எங்கயோ கண்ண மூடி உக்காந்திருக்கு."

அண்டங்காக்கா தொத்திறைச்சியைக் கடித்துக்கொண்டிருந்தாள். புரையேறிவிட்டது. முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

"ஜூலை, ஆகஸ்டு அங்க லீவுதான், கண்ணு" என்றாள் மூச்சு வந்ததும். "யாரும் காத்துக் கிடக்கல."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒரு காலத்துல அந்தப் பக்கம் போயிருக்கேன்."

அன்றைக்கே அம்மாவும் கூப்பிட்டாள். "ஃபாதர் கஹல் கேக்குறாருடி. உன்கிட்டேருந்து கடுதாசி வந்தா ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்கணுமாம். நான் என்ன பண்ணட்டும்?"

டெர்வ்லா மின்னஞ்சல் அனுப்பினாள். பொய் எழுத அவளுக்கு வரவில்லை. அண்டங்காக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளிவிட்டாள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தைத் தின்னும் ஒற்றைக் கொம்பு ஆடு, மணிக்குப் பதிலாக மாமரத்தில் தொங்கவிட்ட லாரிச் சக்கர வளையம், துவைத்தாலும் போகாத செம்மண்.

"இவ்வளவு வேணாங்கா. பொய்யி அதிகமாப் போகுது."

"எழுது கண்ணு. ஆடு இருந்தாத்தான் நம்புவாங்க."

நம்பினார்கள். பூசையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள் என்றாள் அம்மா. ஆடு தின்ற நோட்டுகளுக்கு ஈடாக ஊர் முழுவதும் நோட்டு சேகரித்து, இரண்டு பெரிய பெட்டிகளை மலாவிக்கு அனுப்பிவிட்டார்கள். டெர்வ்லா பிராயச்சித்தமாக வரிசையில் நிற்கும்போதெல்லாம் மலாவியின் சிச்சேவா மொழிப் பாடப் புத்தகத்தை விரித்து உருப்போட்டாள்.

இது போதாதென்று ஜெர்மனியில் பேய் மழை பிடித்தது. பையில் இருந்த துணியெல்லாம் நனைந்து, அடியில் கிடந்த ஊர்க் கால்பந்துச் சட்டை மட்டும் காய்ந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டாள். முகம் முழுக்க மை, யாருக்குத் தெரியப்போகிறது? பாட்டு உச்சத்துக்குப் போனபோது யாரோ தோளில் தூக்க, அவள் கழுத்தை மட்டும் பின்பக்கம் திருப்பி 'கா' என்று நாக்கை நீட்டிக் கத்தினாள். ஒரு காமிரா பளிச்சிட்டது.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "டப்ளின் பேப்பர்ல அரைப்பக்கப் படம். பச்சைச் சட்ட, முதுகுல கொட்டை எழுத்துல டெர்வ்லா. ஊரே பாத்துருச்சு."

"என்ன சொல்றாங்க?"

"மலாவியில உன் பெட்டி திருடுபோயிருச்சாம். சட்டை கைமாறிக் கைமாறி ஜெர்மனிக்கு வந்துருச்சாம்."

"யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல, எல்லாருமாச் சேந்து கண்டுபிடிச்சாங்க. 'அந்தத் திருடி மூஞ்சியப் பாரு, கொஞ்சமாவது நாணம் இருக்கா'ன்னு பிரீஜ் காறித் துப்பாத குறை."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, ரொம்பக் கேவலமான மூஞ்சின்னு சொன்னேன். வேற என்னடி சொல்ல?" அம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழமை அவ மனந்திரும்பணும்னு ஊரே முட்டிபோட்டு ஜெபிச்சுது. நானும் முட்டிபோட்டேன். உனக்காக மூணாவதா ஒரு பெட்டி போகுது, உடுப்பெல்லாம். உன் கிளாஸ்ல திக்கித் திக்கிப் பேசுவாளே அய்ஃப்ரிக், அவ மழைக்கோட்டக் கழட்டிக் குடுத்துட்டா. டீச்சருக்குக் குளிரும்னு."

டெர்வ்லா தொலைபேசியை வைத்துவிட்டு ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து அழுதாள். அடுத்த கச்சேரிக்குப் பூசிய கறுப்பும் வெள்ளையும் வழிந்து, மற்ற துணி காயாததால் இன்னும் போட்டிருந்த சட்டையின் பச்சையில் சொட்டியது. ஏழு வயதுப் பிள்ளை அங்கே மழையில் நனைந்துகொண்டு திரிகிறது. டீச்சரோ இங்கே கா கா என்று கத்திக்கொண்டிருக்கிறாள்.

"நான் இன்னிக்கே ஊருக்குப் போயி, பீடத்துல நின்னு சொல்லிடப்போறேன் அக்கா. நான்தான் அந்தத் திருடின்னு."

அண்டங்காக்கா பாதி கட்டிய பூட்ஸ் வாரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு பெட்டியா?" என்றாள். "அந்தப் பள்ளிக்கூடத்துக்கா?"

"ஆமாங்கா."

"அப்போ மொதல்ல அந்தத் தலைமையாசிரியைகிட்டச் சொல்லு. பெட்டியெல்லாம் அவகிட்டதான போவுது. அவ மன்னிக்கட்டும், அப்புறம் ஊருக்கு எழுது. அங்க போனதும் மழைக்கோட்ட மொதத் தபால்ல திருப்பி அனுப்பு."

"அந்தக் கிழவி மன்னிக்குமா?"

"மன்னிச்சுத்தான் ஆகணும்" என்றாள் அண்டங்காக்கா, பூட்ஸ் வாரை இழுத்துக் கட்டியபடி. "அவளுக்கு வேற வழியில்ல."

ஹெல்சிங்கியில் கடைசிக் கச்சேரி முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துப் பிரிந்தார்கள். "வேலைக்குத் திரும்பணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்டங்காக்கா கூட்டத்தில் கலந்தாள். டெர்வ்லா இரண்டு நாள் கழித்து, முகத்தைத் தோல் உரியத் தேய்த்துக் கழுவிவிட்டு விமானம் ஏறினாள்.

லிலோங்வே விமான நிலையத்தில் பள்ளிக்கூட வண்டியோடு ஓட்டுநர் லிம்பானி காத்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. வழி நெடுக டெர்வ்லா மன்னிப்பு வாசகத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'சகோதரி அவர்களே, நான் ஒரு பொய்க்காரி' என்று தொடங்கி மேலே போக முடியவில்லை.

"சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பா?" என்று கேட்டாள்.

"கண்டிப்புதான் மேடம். ஆனா உங்க மேல ஏதோ அக்கறை. மூணு பெட்டி வந்திருக்கு, ஒண்ணையும் பிரிக்கக் கூடாது, டீச்சர் வரட்டும்னுட்டாங்க. ஒரு சின்ன மழைக்கோட்டுதான் பெட்டி மேல தனியாக் கட்டியிருந்துச்சு. அதக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க."

டெர்வ்லா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பப்போகிறார் என்று நினைத்தாள். அனுப்பினால் நியாயம்தான் என்றும் நினைத்தாள்.

வண்டி செம்மண் பாதையில் திரும்பி வாசலில் நின்றது. மாமரத்தில் ஒரு லாரிச் சக்கர வளையம் தொங்கியது. அதன் நிழலில் ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று, யாருடைய வீட்டுப்பாடத்தையோ மென்றுகொண்டு அவளைப் பார்த்தது. டெர்வ்லா வண்டியை விட்டு இறங்காமல் அதையே பார்த்தாள். தூரத்தில், தாழ்வாரத்தில், சாம்பல் நிற முக்காடு போட்ட கட்டை குட்டையான உருவம் ஒன்று இடுப்பில் கை வைத்து நின்றது.

லிம்பானி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க, உங்க நாட்டுக்காரங்கன்னு கேக்குறேன். சிஸ்டர் தியானம் முடிச்சு நேத்துத்தான் வந்தாங்க, காதுக்குப் பின்னாடி இன்னும் கறுப்பு மை போகல. உங்க ஊர்ல தியானம்னா மூஞ்சிக்கு மை பூசிக்குவீங்களா?"