நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

திங்கட்கிழமை காலை மைக்கூட்டார் பதிவேட்டு அறைக்குள் நுழைந்தபோது, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூன்று கல்யாணங்களைக் காணவில்லை.

பக்கம் இருந்தது. கட்டங்கள் இருந்தன. அலுவலக முத்திரைகூட மூன்று இடத்தில் பளிச்சென்று இருந்தது. மணமகன், மணமகள், கையெழுத்து என்று அச்சடித்த தலைப்புகளுக்குக் கீழேதான் ஒன்றுமே இல்லை. தாள் நெளிந்து, ஓரத்தில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு கறை காய்ந்து கிடந்தது. ஆறு பேருடைய இல்லற வாழ்க்கை அந்தக் கறைக்குள்தான் இருந்தது.

அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. கூரை ஒழுகுவது அந்த அலுவலகத்துக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமை பதிவேட்டைத் திறந்தபடியே மேசைமேல் விட்டுப் போனது தன் தப்புதான் என்று தலையில் அடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை. கடவுளுக்குக் கொஞ்சம் கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வேறு எந்த எழுத்தராக இருந்தாலும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். பதிவேட்டில் அழியாத கறுப்பு மையால்தான் எழுத வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்காக மாதம் ஒரு புட்டி மையும் தருகிறார்கள். ஆனால் அந்த மை தார் மாதிரி நிப்பை அடைத்துவிடும். நம்மவரிடம் நாற்பத்து மூன்று மைப்பேனாக்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் தொண்டைக்குள் அந்தத் தாரை ஊற்றுவதைவிடத் தன் தொண்டையில் ஊற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆகவே இரண்டு வருடமாக ஊரார் கல்யாணத்தையெல்லாம், தண்ணீர் பட்டால் தடம் தெரியாமல் போய்விடும் தன் சொந்த மையால் எழுதிவந்தார். அலுவலகத்தில் அவருக்கு மைக்கூட்டார் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

எழுதுவது அவருக்கு உத்தியோகம் இல்லை, தியானம். மேல்வளைவுக்கு மூச்சை உள்ளே இழுப்பார், கீழ்வளைவுக்கு வெளியே விடுவார். ஒரு பதிவை எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். சிரித்துக்கொண்டு வந்த ஜோடி, அவர் எழுதி முடிப்பதற்குள் முதல் சண்டையைப் போட்டு முடித்திருக்கும். நடுவில் யாராவது பேசினால் இடதுகை ஆள்காட்டி விரலைத் தூக்குவார். கையெழுத்துக்கும் தன் பேனாவையே கொடுப்பார். வாழ்க்கையிலேயே பெரிய கையெழுத்தை யாரும் நூலில் கட்டித் தொங்கும் பால்பாயின்டால் போடக்கூடாது என்பது அவர் கொள்கை.

இப்போது அந்தக் கொள்கை அவர் கழுத்தைப் பிடித்தது. வியாழக்கிழமை பதிவேடுகளைச் சரிபார்க்க ஆய்வாளர் வருகிறார். பக்கம் வெறுமையாக இருந்தால் வேலை போகும். வேலையோடு நிற்காது, அரசாங்க ஆவணத்தை அழித்த வழக்கும் வரும். பெயர்களைச் சான்றிதழ் நகல்களைப் பார்த்து எழுதிவிடலாம். கையெழுத்தை ஆறு பேரும்தான் போட வேண்டும். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அவரும் அவர் மனைவியும். பத்து மாதத்துக்கு முன்பு தன் கல்யாணத்தையும் அதே பக்கத்தில் தானேதான் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிந்தவர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"ஒரு பக்கம்தானா?" என்று கேட்டாள்.

"ஒரே ஒரு பக்கம். அதுல நம்மளுதும் போச்சு."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"நல்லா வெளிச்சத்துல பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. ஒரு புள்ளிகூட மிச்சமில்ல."

"அப்ப சட்டப்படி?"

"கையெழுத்து இல்லன்னா சட்டப்படி கல்யாணமே இல்ல."

அவள் எழுந்துபோய் அவருக்கு இன்னொரு டம்ளர் டீ போட்டுக் கொண்டுவந்தாள். இந்த நேரத்திலும் இவ்வளவு நிதானமான மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று டீயை உறிஞ்சினார்.

"என்னங்க, நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

அவர் அதற்குள் பேனாவை எடுத்திருந்தார். மனசு படபடத்தால் எழுதித்தான் அதை அடக்குவார். இடதுகை விரலைத் தூக்கினார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் போனார். முதல் பதிவு ஒரு டிரைவருக்கும் நர்சுக்கும் நடந்த கல்யாணம். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து அழிஞ்சிடுச்சா? அப்ப நான் இப்ப கல்யாணம் ஆனவனா, ஆகாதவனா?"

"ஆனவர்தான். ஆதாரம்தான் இல்ல."

டிரைவர் துணியைக் கீழே வைத்தார். வானத்தைப் பார்த்தார். நெடுநாள் அடைத்திருந்த மூக்கு திறந்த மாதிரி ஆழமாக மூச்சு விட்டார்.

"ரெண்டு நாள் டைம் குடுங்க சார். போன தடவை அவசரப்பட்டுட்டேன்."

மைக்கூட்டார் பதிவேட்டை மூடினார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சைப் பிடித்தார். உங்கள் வீட்டுக்காரர் போட்டுவிட்டார், நீங்களும் போட்டால் முடிந்தது என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார். அந்தம்மா பக்கத்தைப் பார்த்தார்.

"எங்க போட்டிருக்கார்? ஒண்ணையும் காணோமே."

"அது வந்து, அவர் ரெண்டு நாள் டைம் கேட்டிருக்கார்."

"டைம் கேட்டாரா?"

நர்ஸ் கையுறையைக் கழற்றினார். பதிவேட்டைத் தானே அக்குளில் இடுக்கிக்கொண்டு டிப்போவுக்கு நடந்தார். மைக்கூட்டார் பின்னால் ஓடினார். கண்டக்டர்கள் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்க்க, டிரைவர் பேனாவுக்குக் கை நீட்டினார். அலுவலக பால்பாயின்டைக் கொடுத்ததும் முகம் சுளித்தார்.

"இந்தக் குச்சியாலயா? போன தடவை பச்சையா ஒரு பேனா குடுத்தீங்களே. அதக் குடுங்க, போடறேன்."

பச்சைப் பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. மைக்கூட்டார் துணிப்பையிலிருந்து புட்டியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அதில் அழியாத கறுப்பு மையை ஊற்றினார். பெற்ற பிள்ளைக்கு விஷம் கொடுப்பதுபோல் இருந்தது. டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிகழ்ந்த அவமானத்துக்கு ஈடாகப் பேனாவையும் தன் பையில் செருகிக்கொண்டார்.

"இப்ப நீங்கம்மா" என்றார் மைக்கூட்டார்.

"எனக்கும் ரெண்டு நாள் டைம் வேணும்" என்றார் நர்ஸ்.

அரைமணி நேரம் கெஞ்சியபிறகு, லீவு நாளில் சமையல் டிரைவர்தான் என்று குறிப்புப் பகுதியில் எழுதினால் போடுவதாக அந்தம்மா இறங்கிவந்தார். அரசாங்கப் பதிவேட்டில் அப்படி எழுத விதியில்லை. எழுதாமல் இருக்க வழியுமில்லை. எழுதினார். மூச்சை உள்ளே இழுக்கவும் இல்லை, வெளியே விடவும் இல்லை.

புதன்கிழமை காலை அவர் எழுத உட்கார்ந்திருந்தபோது மனைவி எதிரில் வந்து நின்றாள். "ஒரே நிமிஷம். ஒரு விஷயம்" என்றாள். விரல் தானாக எழுந்தது. எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அவள் இல்லை. பெரிய விஷயமாக இருந்தால் திரும்பவும் வருவாள் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது ஜோடி வாத்தியாரும் டீச்சரும். ஒரே பள்ளிக்கூடம். ஆசிரியர் அறையில் ஒருவர் கிழக்குக் கோடியிலும் மற்றவர் மேற்குக் கோடியிலும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறார்கள் என்று வாசலில் நின்ற காவலாளி சொன்னார்.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் கும்பிட்டே விட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். வக்கீல் மூணு வருஷம் ஆகும்னார். நீங்க ஒரே மழையில முடிச்சிட்டீங்க."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. கல்யாணம் ஆனாத்தானே விவாகரத்து வாங்க முடியும்? ஒரு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் முறையாப் பிரியலாம்."

கிழக்குக் கோடியிலிருந்து வாத்தியார் திரும்பினார். "அவங்க சொல்றது சரிதான் சார். ஆகாத கல்யாணத்துக்கு எதுக்கு விவாகரத்து?"

"பாத்தீங்களா, இத்தனை மாசத்துல இவர் எனக்குச் சரின்னு சொன்னது இதுதான் முதல் தடவை" என்றார் டீச்சர்.

மைக்கூட்டாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வேலை போனால் தன் கதி என்ன என்பதை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பாதியில் அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அது மை துடைக்கும் துணி. நிமிர்ந்தபோது முகத்தில் பாதி நீலமாக இருந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். வாத்தியார் மேசைமேல் கவிழ்ந்தார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு வாத்தியார் தன் நாற்காலியை மேற்குக் கோடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு கையெழுத்தும் விழுந்தன. ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று தங்க நிப்பு வைத்த பேனாவை அவர்களும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வழியாக நாலு கையெழுத்து கிடைத்தது என்று அலுவலகத்துக்குத் திரும்பினால், வாசலில் ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். கண்டக்டர்கள் பன்னிரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை.

"எங்களுது எந்தப் பக்கம் சார்?" என்று ஒருவர் கேட்டார். மனைவியும் கூடவே நின்றார்.

"எழுபத்தெட்டு. பத்திரமா இருக்கு."

"நல்லாப் பாருங்க சார்."

"நல்லாத்தான் இருக்கு."

"ஓரத்துல கொஞ்சமாவது?"

"இல்லீங்க."

இருவர் முகமும் ஒரே நேரத்தில் தொங்கிப்போயிற்று. அடுத்தவர் முன்னால் வந்தார்.

பதிவாளர் அம்மா அறையைவிட்டு வெளியே வந்து இது என்ன கூட்டம் என்று கேட்டார். மைக்கூட்டாருக்கு வாயில் வந்தது ஒரு பொய்தான்.

"தங்களோட பதிவை இன்னொரு தடவை கண்ணால பாக்கணும்னு ஆசைப்பட்டு வந்திருக்காங்க மேடம்."

அந்தம்மாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. உடனே ஆய்வாளருக்குப் போன் போட்டு, எங்கள் எழுத்தரின் எழுத்தைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பெருமையடித்துக்கொண்டார். வழக்கமாக நாலு பக்கம் புரட்டிவிட்டுப் போகும் ஆய்வாளர், அப்படியானால் நாளைக்கு ஒவ்வொரு பக்கமாகத் தானே உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை. மிச்சம் இருந்தது ஒரே பதிவு. சுலபமானது என்பதால்தான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். பதிவேட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். கறுப்பு மைப் புட்டியைத் திறந்தார். பேனாவைப் பார்த்தார். கல்யாணத்தன்று இருவரும் கையெழுத்துப் போட்ட பேனா அது. அதன் தொண்டைக்குள் தாரை ஊற்றக் கை வரவில்லை. இந்த வாரம் இரண்டு பேனாக்களைப் பறிகொடுத்தாயிற்று. கூரைக்கும் நேற்றே தார்ப்பாய் போட்டாயிற்று. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன பயம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு புட்டியை மூடினார். மயில்கழுத்து மையிலேயே தன் கையெழுத்தைப் போட்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அதே மைதானா?" என்று கேட்டாள்.

பத்து மாதம் கழித்தும் நிறத்தை நினைவு வைத்திருக்கிறாளே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. "அதேதான். உனக்காகத்தான் மாத்தல" என்றார்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும்."

விரலைத் தூக்கிவிட்டார். "மணி ஒன்பதே முக்கால் ஆச்சு. ஆய்வாளர் போனதும் நாள் பூரா சொல்லு, கேக்கறேன்."

அவள் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள். டைம் கேட்கவில்லை. குறிப்புப் பகுதியில் ஒன்றும் எழுதச் சொல்லவில்லை. பேனாவைக்கூட மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அலுவலகத்துக்கு நடக்கும்போது மைக்கூட்டாருக்கு இந்த நாலு நாளில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. எத்தனை ஜோடிகளைப் பார்த்துவிட்டார். ஒரு கையெழுத்தைத் திரும்பப் போடச் சொன்னால் இத்தனை நொண்டிச் சாக்கு. ஊரிலேயே நிபந்தனை இல்லாத கல்யாணம் தன்னுடையது ஒன்றுதான் என்று நினைத்தபோது கண் கலங்கியது. சாயங்காலம் அவள் சொல்ல வந்ததை உட்கார்ந்து கேட்டே தீர்வது என்று முடிவு செய்தார்.

பதிவேட்டை அதன் அறையில் மேசைமேல் வைத்தார். மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். பதிவாளர் அறையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பதிவேட்டைக் கொண்டாங்க. ஊரே பாத்ததை நானும் பாக்கறேன்" என்றார்.

மைக்கூட்டார் நிமிர்ந்த நெஞ்சோடு நடைவழியில் வந்தபோது, துப்புரவு வேலை செய்யும் அக்கா எதிரே காலி ஜக்குடன் வந்துகொண்டிருந்தார்.

"உங்க வீட்டம்மா வந்திருக்காங்க சார்" என்றார் அந்த அக்கா. "போன வெள்ளிக்கிழமை நீங்க கிளம்பினப்புறம் வந்தப்பவும் இப்படித்தான், பதிவேட்டு ரூம்ல தனியா உக்காந்துக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி கேட்டாங்க. இன்னிக்கும் கேட்டாங்க, குடுத்துட்டு வரேன்."