வாத்துக்குஞ்சும் ரகசிய ஓட்டுநரும்

என் மகள் இனி ஒருபோதும் தோற்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தேன். பெரிய முடிவுகளை நான் அங்கேதான் எடுப்பது வழக்கம். வாயில் நுரை இருக்கும்போது மனைவி குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் ஒரு வாத்துக்குஞ்சு. அம்மாவைத் தேடிப் போகும் குஞ்சைப் பற்றி ஒரு கார்ட்டூன் படம் வந்தது. படம் நன்றாக ஓடியதும் அதையே வீடியோ கேம் ஆக்கிவிட்டார்கள். குஞ்சு கட்டைக்குக் கட்டை தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. வாத்துக்கு நீந்தத் தெரியாதா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் கேமை வாங்கும்போது கடைக்காரரைக் கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மகள் ஒரு வாரமாக விழுந்துகொண்டே இருந்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தேன். "இப்ப தாவு, இரு இரு, தாவாத, ஐயோ தாவியிருக்கணும்மா!" கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வாய் சும்மா இருக்காது. சனிக்கிழமை அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு எதுவுமே வராதுப்பா."

ஏழு வயதுப் பிள்ளை அப்படிச் சொல்லலாமா? ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்ள வருபவர் தாமே ஓட்டுவதாக நினைத்துப் பூரித்துப்போவார். அதே வித்தையை வீட்டிலும் காட்டினால் என்ன? மனைவியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ரெண்டு கன்ட்ரோலர் இருக்குல்ல. தீர்ந்துபோன பேட்டரி போட்டதை அவகிட்ட குடு. நல்லதை என்கிட்ட குடு. நான் சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ஆடுறேன்."

"அவ கையில இருக்கறதுல லைட்டு எரியாதே?"

"ரெண்டுலயும் லைட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்."

"எல்லாம் யோசிச்சிருக்கீங்க."

"பின்ன?"

"சரி. ஆனா பின்னாடி உக்காந்துக்கிட்டு வாயத் திறக்கக் கூடாது. ஒரு சத்தம் வந்தாலும் குட்டு உடைஞ்சிடும்."

கல்யாணமான நாளிலிருந்து என் யோசனைக்கு அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வருஷத்துத் தூசி இருந்தது. தும்மலை விழுங்கிக்கொண்டு, கைப்பிடி ஓரமாகத் திரையை எட்டிப் பார்த்து ஆடினேன். முதலில் குஞ்சு விழுந்தது. மறுபடியும் விழுந்தது. கை பழக வேண்டாமா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பிறகு கட்டை கட்டையாகத் தாவ ஆரம்பித்தது. சில சமயம் நான் பொத்தானை அமுக்கும் முன்பே தாவியது. ஓட்டுபவனின் மனசு வண்டிக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிக் கட்டை தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தது. நான் அமுக்கினேன். குஞ்சு அசையவில்லை. தாவியிருந்தால் தண்ணீரில்தான் விழுந்திருக்கும். கட்டை மேலே வந்ததும் ஒரே தாவல், அக்கரை. தாய் வாத்து சிறகை விரித்தது.

"அம்மா, நான் கடந்துட்டேன்! பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சொல்லிட்டு வரேன்!" மகள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

தலையெல்லாம் ஒட்டடையோடு எழுந்து வந்தேன்.

"பாத்தியா என் ஓட்டத்தை?"

மனைவி என் கன்ட்ரோலரை வாங்கி, பின்மூடியைத் திறந்து, இரண்டு பேட்டரிகளையும் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"தீர்ந்துபோனது உங்ககிட்டதான் இருந்துச்சு."

"அப்ப ஆடினது?"

"அவதான்."

"ஒரு வாரமா வராதது இன்னிக்கு எப்படி வந்துச்சு?"

"ஒரு வாரமா நீங்க பக்கத்துல இருந்தீங்க."

கோபப்படலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. என் பிள்ளை தானாகவே கடந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் அவமானம்கூட அவ்வளவாக வலிக்கவில்லை.

அதற்குள் மகள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. கன்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அடுத்தது மலை. கொஞ்சம் கஷ்டமா இருக்கும். நீங்க மறுபடியும் சோபாவுக்குப் பின்னாடியே போயிடுங்க."