சித்திரை மாதத்துத் தீட்டு

ஆண்பிள்ளை என்றால் வீட்டில் ஒரு சட்டமாவது அவன் பெயரில் இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. இந்தப் பங்குனியில்தான் முதன்முதலாக ஒன்று போட்டேன். அந்தச் சட்டத்தில் இதுவரை மாட்டிக்கொண்டவன் ஒரே ஆள். பெயர் வைத்திலிங்கம். அரியலூர்க் கடலைமண்டியில் கணக்கெழுதுகிறவன். சாட்சாத் நான்தான்.

என் மனைவி கமலவேணி குரும்பலூர்க்காரி. எட்டாம் வகுப்பு பாஸ். பாஸ் பண்ணியதோடு நின்றாளா? படித்ததை மறந்தும் தொலைக்கவில்லை. அதுதான் வினை. எங்கள் கடைக்குட்டி பஞ்சவர்ணம் பிறந்தபோது ஆஸ்பத்திரி லேடி டாக்டர் இவளைப் பார்த்து, "நீ கெட்டிக்காரியா இருக்கியே, மிட்வைஃப் டிரெய்னிங்குக்கு வாயேன்" என்று சொல்லி வைத்தாள். சோறு தின்னப் போனவளைச் சமையல்காரியாக்குகிற கதை!

"மூணு புள்ளைய வச்சுக்கிட்டு டிரெய்னிங்கா?" என்று கேட்டேன்.

"மூணு பெத்ததே பாதி டிரெய்னிங்குதாங்க."

"மண்டிக் கணக்கப்பிள்ளை பொண்டாட்டி மருத்துவச்சியா? எங்க வம்சத்துல இப்படி உண்டா?"

"உங்க வம்சம் மொத்தமும் வானத்துலேருந்து குதிச்சுதா? ஒருத்தி கையில விழுந்துதானே வந்தீங்க?"

"ஊரே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். சிரிக்கறவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்தா என்னத்தானே கூப்பிடணும்."

"அப்படின்னா பெரம்பலூர் பஸ்ல ஏறி உங்கப்பன் வூட்டுக்கே போயிடு!"

"போறேங்க. புள்ளைங்க மூணும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

இந்த உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸை நம்பி யாரை அனுப்ப முடியும்? பெரிய மனசு பண்ணி நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அவள் டிரெய்னிங்கில் சேர்ந்தாள். வீடு குட்டிச்சுவராகும், அப்போது வைத்துக்கொள்கிறேன் என்று காத்திருந்தேன். பாழாய்ப்போன வீடு, ஆகவே மாட்டேன் என்றது! விடியும் முன் குழம்பு கொதிக்கிறது. பெரியவள் சாந்தா தலைசீவிப் பள்ளிக்கூடம் போகிறாள். நடுவன் ராசாங்கமும் கடைக்குட்டியும் எதிர்வீட்டு அம்சவள்ளியிடம் இருக்கிறார்கள். சாயங்காலம் வந்து மறுபடி சமைக்கிறாள். குறை சொல்லலாம் என்றால் சோற்றில் ஒரு கல்கூட அகப்படவில்லை. இரண்டு வாரம் தேடினேன்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குக் கிடைக்கவில்லை. படிக்க நேரம். வைகாசியில் திருச்சியில் பரீட்சை. பாஸானால் வெள்ளைப் புடவை, கையில் தோல்பை, ஊரெல்லாம் "நர்ஸம்மா". அப்புறம் இந்த வைத்திலிங்கத்தை எவன் மதிப்பான்? "நர்ஸம்மா வூட்டுக்காரரு" என்பான். அதற்கு முன்னால் அவள் தானாகவே கையெடுத்துக் கும்பிட்டு டிரெய்னிங்கை விட வேண்டும். அப்போதுதான் என் மூளையில் அது பளிச்சென்று உதித்தது. தீட்டு!

சட்டம் என்றால் சாட்சி வேண்டுமே. அம்சவள்ளியையும் அவள் புருஷன், சைக்கிள் கடை பிச்சைமுத்துவையும் வாசலுக்குக் கூப்பிட்டேன். தொண்டையைச் செருமினேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. பிரசவம் பாத்துட்டு வந்தா தீட்டு. மறுநா விடியற வரைக்கும் அடுப்படிக்கு வரப்படாது. பானை சட்டியத் தொடப்படாது. புள்ளைங்களத் தொடப்படாது. மேல பட்டுட்டா பட்டவங்களும் குளிக்கணும். என் வூட்டுல ஆசாரந்தான் முக்கியம்."

"ஏண்ணே," என்றாள் அம்சவள்ளி, "போன வாரம் கருவாட்டுக் குழம்பு தின்ன வாயோட கோயிலுக்கு வந்து சுண்டல் வாங்கித் தின்னீங்களே?"

"அது வேற ஆசாரம்."

அடுப்பா ஆஸ்பத்திரியா என்று வந்தால் எந்தப் பெண்ணும் அடுப்புப் பக்கம்தான் சாய்வாள் என்பது என் கணக்கு. கமலவேணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

கல்யாணமானவர்கள் கவனிக்க வேண்டும். பொண்டாட்டி எதிர்த்துப் பேசினால் பயமில்லை. 'சரிங்க' என்றால் ஓடிவிட வேண்டும். நான் ஓடவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அடுத்த தடவை அவள் பிரசவம் பார்த்துவிட்டு வந்தபோது வாசலோடு நின்றுவிட்டாள். "தீட்டுங்க" என்றாள். சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்க் குளித்தாள். பின்தாழ்வாரத்தில் பாயைப் போட்டாள். கால்நீட்டி உட்கார்ந்து புஸ்தகத்தைப் பிரித்தாள்.

"சோறு?" என்றேன்.

"நான் தொடப்படாதுங்களே. அரிசிக்குத்தான் ரேஷனு, கேவுரு மாவு பானையில இருக்கு. தண்ணி கொதிச்சதும் மாவைக் கொட்டி, கைவிடாம கிண்டுங்க."

கிண்டினேன். புகையில் கண் போயிற்று. களி ஒரு பக்கம் தண்ணீராகவும் ஒரு பக்கம் உருண்டையாகவும் வந்தது. ராசாங்கம் ஒரு உருண்டையை எடுத்துக் கோலி விளையாடினான். அது உடையவே இல்லை.

களியாவது பரவாயில்லை. பஞ்சவர்ணம் இருக்கிறதே! அது எப்படியோ தெரியாது, துணியை அசிங்கம் பண்ணிக்கொண்ட கையோடு தத்தித் தத்திப் போய் அம்மா மேல்தான் விழும்.

"ஏங்க, பஞ்சு என் மேல பட்டுட்டா. குளிப்பாட்டுங்க."

"நீதான் கழுவி விடேன்!"

"ஐயோ, தீட்டுங்க! நீங்க போட்ட சட்டத்த நானே மீறுவேனா?"

கழுவினேன். குளிப்பாட்டினேன். துணியை அலசினேன். மறுபடி பஞ்சவர்ணம் தாழ்வாரம் பக்கம் கிளம்பியது. சில நாள் குழந்தை தானாகப் போகிறதா, இவள் வெல்லக்கட்டியைக் காட்டிக் கூப்பிடுகிறாளா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

பங்குனியில் வாரத்துக்கு ஒருநாள், இரண்டுநாள் தீட்டு. பல்லைக் கடித்துக்கொண்டேன். சித்திரை பிறந்தது. தினமும் தீட்டு! வெயிலில் அடுப்படி காளவாயாகக் கொதித்தது. அவள் தாழ்வாரத்தில் வேப்பங்காற்று வாங்கிக்கொண்டு வாய்க்குள் மனப்பாடம் பண்ணினாள். நடுநடுவே, "அடி புடிக்குது போலிருக்கே, தீயத் தணிங்க" என்று ஆலோசனை வேறு.

ஒரு மத்தியானம் பிச்சைமுத்துவின் கடையில் உட்கார்ந்து புலம்பினேன்.

"இந்த ஊர்ல புள்ள பெக்கறதத் தவிர வேற வேலை இல்லையாய்யா? தெனம் ஒரு பிரசவம்!"

பிச்சைமுத்து பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தினான். "இது என்ன மாசம்?"

"சித்திரை."

"உன் தலையில என்னய்யா இருக்கு, களியா? சித்திரையில புள்ள பொறக்கப்படாதுன்னுதானே ஆடி பொறந்ததும் புதுப்பொண்ணத் தாய்வூட்டுக்கு அனுப்பிச்சுடறாங்க! நீகூட உன் தலை ஆடியில மாமனார் வூட்டு வாசல்ல நின்னு அழுவாத குறையாத் திரும்பி வந்தியே! இந்த மாசம் ஆஸ்பத்திரியில ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்கய்யா!"

எனக்கு உச்சி குளிர்ந்தது, உடனே கொதித்தது. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் ஆயா கலியம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"பிரசவமா? அட போங்க சாமி. சித்திரை பொறந்ததுலேருந்து கட்டிலெல்லாம் காலியாக் கெடக்கு. டாக்டரம்மாவே டிரெய்னிங் பொண்ணுங்கள வெள்ளனவே வூட்டுக்குத் தொரத்தி விடுது."

ஆகா! அகப்பட்டாள் கள்ளி! வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா தெரியாது. இன்றோடு பொய்த் தீட்டும் ஒழிந்தது, டிரெய்னிங்கும் ஒழிந்தது. கொல்லைக்குப் போனேன். பாய், புஸ்தகம், மகராணி.

"ஏண்டி! ஆஸ்பத்திரியில ஒரு பிரசவமும் இல்லையாமே!"

"இல்லீங்க." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"அப்ப தீட்டு?"

"அதுவும் இல்லீங்க."

"இத்தன நாளா ஏமாத்துனியா?"

"படிச்சேங்க. நீங்க போட்ட சட்டத்தாலதான் படிக்க முடிஞ்சுது. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாளுதான்."

"சட்டம் வாபஸ்! இப்பவே தெருவுக்குப் போயி உன் வண்டவாளத்தச் சொல்றேன் பாரு!"

"தாராளமாச் சொல்லுங்க." பக்கத்தைப் புரட்டினாள். "தீட்டுன்னு ஆம்பள அடுப்பூதுனா ஆசாரம்னு சொல்லுவாங்க. தீட்டே இல்லாம சித்திரை பூரா களி கிண்டி, பீத்துணி அலசி, பொண்டாட்டிய உக்கார வச்சு சோறு போட்டிருக்கீங்க. அதுக்கு ஊர்ல என்ன பேரு சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அந்தப் பேர் எனக்கு நன்றாகவே தெரியும். பிச்சைமுத்துவின் மைத்துனனுக்கு அதை வைத்தவனே நான்தான்.

அந்த நேரம் பார்த்துக் பொதுக்கிணற்றுப் பக்கமிருந்து கொல்லைச் சுவருக்கு மேல் அம்சவள்ளியின் தலை முளைத்தது. அவளுக்குப் பின்னால் தண்ணீருக்கு வந்த பெண்கள் குடமும் இடுப்புமாக நின்றார்கள்.

"என்னண்ணே ஒரே சத்தமா இருக்கு? வேணிக்கு இன்னிக்கும் தீட்டுதானா? சித்திரையில கூடவா பிரசவம்?"

கமலவேணி புஸ்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். என்னையே பார்த்தாள். எல்லாப் பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

நான் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். களித் துடுப்பைக் கையில் எடுத்தேன்.

"ஆமாம்மா. இன்னிக்கு ரெட்டைப் புள்ள."