அம்மா ஓய்வெடுத்த ஐந்து நாள்

பதினோரு வயது முடியும்வரை எனக்குத் தனியாகக் குளிக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது கூச்சமே இல்லை. எங்கள் உறவில் இது தெரியாத ஆள் ஒருவரும் மிச்சமில்லை.

தினமும் காலையில் அம்மா வெந்நீர் விளாவி, என்னைக் கல்லின்மேல் உட்காரவைத்துத் தண்ணீர் வார்த்துவிடுவாள். தலை துவட்டி, சட்டைக்குப் பொத்தான் போட்டு, சோற்றை உருட்டி வாயில் வைப்பாள். என் பங்குக்கு நான் வாயைத் திறக்க வேண்டும். (அதையும் சில நாள் மறந்துவிடுவேன். அம்மா கன்னத்தைத் தட்டி ஞாபகப்படுத்துவாள்.) எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் நான் தும்மினால்கூட வீட்டில் யாராவது எழுந்து நிற்பார்கள்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கடலைக்காடும் சோளக்காடும் நாலு உருப்படி மாடும் இருந்தன. இத்தனைக்கும் நடுவில் அம்மா ஒருத்தி. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கிற முறைக்காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் அடித்து, விட்டபோது ஆளே பாதியாகிவிட்டாள். குடத்தைத் தூக்கினால் கை நடுங்கும். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "மருந்து போதுமுங்க. இனி ஓய்வுதான் வேணும்" என்றார்.

அப்பா நல்ல மனுஷர். ஆனால் அந்தச் சொல்லை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. "அது எங்கீங்க கிடைக்கும்? சேலத்துல போய் வாங்கியாந்துரட்டுங்களா?" என்று கேட்டார்.

அது கிடைத்த விதம் வேறு. தை மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் ஓர் அறிவிப்பு செய்தார். பையன்களை ஐந்து நாள் 'கேம்ப்பு'க்கு அழைத்துப் போகிறாராம். பனமரத்துப்பட்டிக்குப் போகிற வழியில், ஓர் ஏரிக்கரை மாந்தோப்பில் கூடாரம் அடித்து, நாங்களே சமைத்து, நாங்களே துவைத்து, ஆண்பிள்ளைகளாகத் திரும்ப வேண்டுமாம். அந்த ஏரிக்கு எதிர்க்கரையில்தான் என் மாமன் ஊர், அதாவது அம்மா பிறந்த ஊர்.

நான் வீட்டுக்கு வந்து, போகமாட்டேன் என்று அழுது உருண்டேன். அம்மா என்னைத் தூக்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவன் போகட்டும். அவன் இல்லாத அஞ்சு நாளும் நானும் இங்க இல்லீங்க. எங்க அண்ணன் ஊட்டுல இருந்துட்டு வாரேன்."

"அப்ப எனக்குச் சோறு?"

"உங்க அண்ணன் ஊட்டுல தின்னுக்கோங்க. மாட்டுக்கும் நீங்களே தீனி போடுங்க."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அம்மா தனக்கென்று எதையும் கேட்டதில்லையாம். கேட்டால் மறுப்பது எப்படி என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

ஒரே வண்டியில்தான் போனோம். மாமன் வீட்டில் அம்மா இறங்கிக்கொண்டாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "சாமி, அஞ்சு நாளும் நீ என்னைத் தேடி வரப்படாது. நானும் உன்னைத் தேடி வரமாட்டேன். செரியா?" என்றாள்.

"செரி" என்று வீரமாகச் சொன்னேன். கேம்ப்பில் போய் எல்லாரிடமும், "பாவம், எங்கம்மா. நான் இல்லாட்டி சோறு தண்ணி எறங்காது அவளுக்கு. இந்நேரம் படுத்த படுக்கையா இருப்பா" என்று பெருமூச்சுவேறு விட்டேன்.

படுத்த படுக்கையாக ஆனது நான்தான். நாங்கள் இருபத்துநாலு பேர். முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் வேகவே இல்லை. என் தட்டை நானே கழுவ வேண்டும் என்று அறிந்தபோது, இது ஏதோ தவறு என்று வாத்தியாரிடம் போய் முறையிட்டேன். அவர் இன்னும் நாலு தட்டு சேர்த்துக் கொடுத்தார்.

டிரில் வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முறுக்கிய மீசை, கழுத்தில் கயிறு கட்டிய விசில், இரும்புத் தொண்டை. எல்லாவற்றையும் விசிலால் செய்வார். எங்களுக்கு நீச்சல்கூடக் கற்றுக்கொடுத்தார், பெஞ்சின்மேல் குப்புறப் படுக்கவைத்து. "ஒண்ணு" என்றால் கையை விரிக்க வேண்டும், "ரெண்டு" என்றால் காலை உதைக்க வேண்டும். தண்ணீர் மட்டும்தான் இல்லை.

மூன்றாம் நாள் காலை குளியலுக்கு ஏரிக்கு நடத்திப் போனார். இடுப்பளவு ஆழத்தில் கயிறு கட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. துணிகளைக் கரையில் வரிசையாக மடித்து வைத்துவிட்டு, எல்லாரும் கோவணத்தோடு இறங்கினோம். பச்சைத் தண்ணீர். உடம்பு வெடவெடவென்று ஆடியது. வெந்நீர் விளாவ ஆள் இல்லை. அந்த நிமிஷம் என் மனதில் ஒரு திட்டம் உதித்தது. ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓடினால் மாமன் ஊர். அம்மா கையால் நாலு உருண்டை வாங்கிக்கொண்டு, வாத்தியார் எண்ணுவதற்குள் திரும்பிவிடலாம். பாவம், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும்.

கரையில் நாணல் அடர்ந்திருந்தது. நழுவினேன். துணியை எடுத்தால் தெரிந்துவிடும் என்பதால் எடுக்கவில்லை. (என் வாழ்நாளில் நான் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்தவற்றில் இதற்குத்தான் முதல் இடம்.)

சோளம் அறுத்த காடு. தட்டுக்கட்டை காலைக் குத்தியது. பாதி வழியில் ஒரு நாய் சேர்ந்துகொண்டது. மீதி வழியை நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகக் கடந்தேன். மாமன் தோட்டத்துக் கிணற்றை நெருங்கும்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. கிணற்று மேட்டில் என் அத்தை, மாமன் மனைவி, வேகவைத்த கடலைக்காய் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தாட்டி குதி பாப்பம்" என்று யாரையோ பார்த்துச் சொன்னாள்.

எதிர்ப்பக்க மேட்டில், சேலையை இறுக்கித் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினாள். எம்பினாள். அந்தரத்தில் ஒரு வளைவு வளைந்து, தலைகீழாக, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அடங்கியது. அவள் வரவில்லை. நான் பயந்துபோன பிறகு, கிணற்றின் மறுகோடியில் ஒரு தலை மேலே வந்தது. வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டுக் கடகடவென்று சிரித்தது.

அது என் அம்மா.

அவளுக்கு நீச்சல் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதும் தெரியாது. மல்லாந்து மிதந்தாள். காய்ச்சலில் கறுத்த முகத்தில் வெயில் விழுந்து பளபளத்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, என்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது. ஓவென்று அழுதேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு அது?"

"நாந்தாம்மா!"

"என்ற பையன் கேம்ப்புல இருக்கறான். நீ யாரூட்டுப் பையன்?"

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டே, "எனக்குக் குளுருதும்மா. சோறு வேகலைம்மா" என்றேன்.

"வாத்தியாருகிட்டச் சொல்லீட்டு வந்தியா?"

"இல்லை."

"துணி எங்கே?"

"ஏரிக்கரையில வெச்சிருக்கேன்."

அவள் முகத்தில் சிரிப்பு நின்றது. கரையில் துணி இருக்கிறது, பையன் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. (எனக்கு அப்போதும் விளங்கவில்லை.) படிகளில் தாவி ஏறி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரச் சேலையோடு ஓடினாள். நான் பாதி ஓடினேன், பாதி இழுபட்டேன். குடம் தூக்க முடியாமல் கை நடுங்கியவள் அவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஏரிக்கரையில் ஊரே நின்றது. மீன்பிடிக்கிறவர்கள் வலையோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பையன்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் என் சட்டையும் நிஜாரும், யாரும் தொடத் துணியாமல், மடித்தபடி கிடந்தன.

"வாத்தியாரு! வாத்தியாரு!" என்று ஒருவன் ஏரியைக் காட்டிக் கத்தினான்.

கயிற்றைத் தாண்டி, மண்ணெடுத்த பள்ளத்தில், ஒரு கை மட்டும் மேலே வந்து போனது. என்னைத் தேடித்தான் இறங்கியிருக்கிறார். பெஞ்சின்மேல் மட்டுமே நீந்தத் தெரிந்த மனுஷர், ஒரு பையனைக் காணோம் என்றதும் ஒரு கணம்கூட யோசிக்காமல் குதித்திருக்கிறார்.

அம்மா என் கையை விட்டாள். அடுத்த நொடி தண்ணீரில் இருந்தாள். கையை வீசிப் போட்டு நேராகப் போனவள், பக்கத்தில் நெருங்கியதும் சட்டென்று முங்கி, அவருக்குப் பின்பக்கமாக எழுந்தாள். (முன்னால் போனால் கட்டிப்பிடித்து நம்மையும் இழுத்துக்கொள்வார்கள் என்று பிற்பாடு சொன்னாள்.) அவர் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை வானம் பார்க்கத் திருப்பி, ஒற்றைக் கையால் நீந்திக் கரைக்குக் கொண்டுவந்தாள்.

குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது. இருமினார். கண்ணைத் திறந்ததும் அவர் செய்த முதல் காரியம், விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதியது. சத்தம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. ஆனாலும் பையன்கள் வரிசையில் நின்றார்கள். படுத்தபடியே விரலால் எண்ணினார். "இருபத்திமூணு" என்றார். அப்புறம் கூட்டத்தின் ஓரத்தில், கோவணத்தோடு, மூக்கு ஒழுக நின்ற என்னைப் பார்த்தார்.

"இருபத்திநாலு" என்று சொல்லிவிட்டு, அந்த மீசைக்காரர் முகத்தை மூடிக்கொண்டு விம்மி அழுதார்.

அவர் அடித்திருக்கலாம். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அம்மா என்னைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினாள். "சொல்லு. எங்க போனே, எதுக்குப் போனே, எல்லாத்தையும் சொல்லு." சொன்னேன். ஊரார் முன்னால், மீன் வலைகளுக்கு நடுவில், "எனக்கு வெந்நீர் இல்லை" என்று நான் சொன்னபோது யாரோ ஒரு கிழவர், "அடக் கருமமே" என்றார். என் சிநேகிதர்கள் அழுகையை நிறுத்தி என்னையே வெறித்துப் பார்த்தார்கள். அவர்களில் மூன்று பேர், நான் போய்விட்ட துக்கத்தில், என் டப்பாவிலிருந்த முறுக்கைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது.

வாத்தியார் எழுந்து உட்கார்ந்து அம்மாவைக் கும்பிட்டார். "தாயே, பையனை நீங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நான் தலைமை வாத்தியாருகிட்டச் சொல்லிக்கிறேன்."

என் உள்ளம் துள்ளியது. அம்மா சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எதுக்குங்க? அவனுக்கு இன்னும் ரெண்டு நாள் கேம்ப்பு இருக்குது. எனக்கும் ரெண்டு நாள் இருக்குது." இரண்டு அடி நடந்தவள் திரும்பினாள். "வாத்தியாரே, தப்பா நினைச்சுக்காதீங்க. நாளைக்கு விடிஞ்சதும் பசங்களை எங்க அண்ணன் கெணத்துக்குக் கூட்டியாங்க. நீங்களும் வாங்க. ஒரு நாழிகை. அதுக்குமேல என்னை யாரும் எழுப்பப்படாது."

மறுநாள் போனோம். முங்காமல் மிதக்கக் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, முதலில் வாத்தியாரைத்தான் இறக்கினாள். "ஒண்ணு, ரெண்டு" என்று அவரே தனக்கு எண்ணிக்கொண்டு கையைக் காலை உதைத்தார். அம்மா மேட்டில் நின்று, "அடிங்க, அடிங்க, பயப்படாதீங்க" என்றாள். கடைசியாக இறங்கினவன் நான். கிடைத்தது பச்சைத் தண்ணீர்தான். அன்று என் தலையை நானே துவட்டினேன்.

ஐந்தாம் நாள் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் சேதியைக் கேட்டுக்கொண்டே வந்திருந்தார். அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். கன்னம் நிறைந்திருந்தது. கடலைக்காய் தின்று பல்லில் தோல் ஒட்டியிருந்தது.

"ஓய்வு எடுத்தியா, புள்ளே?"

"எடுத்தேனுங்க. நடுவால வாத்தியாரையும் எடுத்தேன்."

அப்பா வண்டியை வீட்டுக்கு விட்டார். போகும்போது திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தார். புதுப்பெண்ணை அழைத்துப் போகிற மாதிரி இருந்தது.

அடுத்த தை மாதம் பள்ளிக்கூடத்தில் கேம்ப்பு கிடையாது. அப்பா ஒரு காலையில் தானாகவே வண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்தி, "கெளம்பு" என்றார். அதற்கப்புறம் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. எனக்குக் கல்யாணமான முதல் வருஷம் அம்மா என் மனைவியைக் கூப்பிட்டு, "உனக்கும் அஞ்சு நாள் உண்டு கண்ணு. எங்க வேணா போ. சேதி சொல்லி விடாதே, திரும்பியும் பாக்காதே" என்றாள். அந்த வழக்கம் என் மருமகள்வரை வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பெண் துணிமணியை மூட்டை கட்டினால், எங்கே என்று யாரும் கேட்பதில்லை. "கேம்ப்பா?" என்றுதான் கேட்பார்கள். அவள் படி இறங்கியதும் ஒருவர் எழுந்துபோய், நான் பின்னாலேயே ஓடிவிடுவேனோ என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டே, வாசல் கதவைத் தாழ் போடுவார். எனக்கு வயது எழுபதைத் தொடுகிறது. இன்னும் போடுகிறார்கள்.