பூஜையில் வைத்த லேப்டாப்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவனுக்கு மாமியார் வீட்டில் ஓர் ஆபத்து உண்டு. அவனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அவனும் நம்பிவிடுவான்.

நான் ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவு தட்டுகிற ஆள். (என் கம்ப்யூட்டர் ஞானம் அதோடு சரி.) ஆனால் பிள்ளையார்பாளையத்து மாமியார் வீட்டில் நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர்.

மச்சான் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட, புது லேப்டாப் வாங்கினார். டிசைன் சாஃப்ட்வேரோ அதில் திறக்கவே மாட்டேன் என்றது. மாட்டிக்கொண்டது என் மச்சினி வனிதாவின் முகூர்த்தப் புடவைக்காக அவர் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்த அன்னப்பட்சி பார்டர். விஜயதசமி காலையில் தறியில் ஏற்றியாக வேண்டும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து மீட்டு இந்த லேப்டாப்பில் ஏற்றியதைத் தவிர வேறு பிரதியும் கிடையாது.

பழைய ஓ.எஸ். போட்டால் பழைய சாஃப்ட்வேர் ஓடும், அரை மணி நேர வேலை என்று நானாக வாயைக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை பழைய ஓ.எஸ். இருந்த பென்டிரைவைச் செருகி ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அந்த வீட்டில் அன்று எதுவும் தப்பாது. தறியில் ஓடுகிற நாடா, கத்தரிக்கோல், மிக்ஸி, மச்சானின் பைக் எல்லாம் ஏற்கெனவே பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, ஓரமெல்லாம் மறைகிற மாதிரி கனமாக ஒரு சாமந்திச் சரம் சாத்தினார். கற்பூரம் காட்டும்போது லேப்டாப் தானாக அணைந்து தானாக எரிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

திரையில் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. சொன்னேன். ஏதேதோ ஏற்றிக்கொண்டது. அணைந்தது, எரிந்தது. மறுபடியும் எந்த மொழி என்றது. மறுபடியும் சொன்னேன். மத்தியானம் வரை இதே பிழைப்பு.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. கல்யாணக் காரியம் என்பதால் மாமியார் ஒரு சலுகை கொடுத்தார்: பட்டனை அழுத்தலாம், பூவில் மட்டும் கை வைக்கக் கூடாது. நான் முதலில் வோல்டேஜைக் குறை சொன்னேன். பிறகு சூட்டை. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்ததில் விபூதி பறந்து மச்சான் கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். நண்பனுக்குப் போன் போட்டேன். லேப்டாப்பில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று கேட்டான். நன்றாகப் பார்த்துவிட்டு, "பூவைத் தவிர ஒண்ணும் இல்லபா" என்றேன்.

மச்சான் கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "மாப்ள, என் டிசைன் இருக்குதா, போயிடுச்சா? அத மட்டும் சொல்லுங்க."

இருக்கும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

வனிதா எழுந்து வந்தாள். "பட்டு நெய்யுற வூட்டுப் பொண்ணு நானு. கடையில வாங்குன புடவைய கட்டிக்கினு மணவறையில உக்காரணுமா மாமா?" என்றாள். பூ அடைத்துக்கொண்டுதான் காற்றுப் போகவில்லை, சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று சரத்தை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நாரில் சிக்கிக்கொண்டு பென்டிரைவும் கூடவே வந்தது.

லேப்டாப் அணைந்து எரிந்தது. மொழி கேட்கவில்லை. சமர்த்தாகத் திறந்துகொண்டது. பென்டிரைவை நான் எடுக்க மறந்ததால், அந்தப் பாவப்பட்ட ஜன்மம் எழுந்திருக்கும்போதெல்லாம் அதையே பார்த்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. மச்சான் சாஃப்ட்வேரை ஏற்றி டிசைனைத் திறந்தார். அன்னங்கள் வரிசை கலையாமல் நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நானும் அதத்தான் சந்தேகப்பட்டேன்" என்றேன். வனிதா பென்டிரைவை நாரிலிருந்து பிரித்து என் கையில் வைத்தாள்.

அந்தப் புடவையில்தான் வனிதா கல்யாணம் நடந்தது. அதன் பிறகு எந்த ஆயுத பூஜைக்குப் போனாலும், நாடாவுக்குப் பொட்டு வைக்கும் முன் அவள் என் வலது கையைப் பிடித்துக்கொள்கிறாள். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மணிக்கட்டில் சாமந்திச் சரத்தைச் சுற்றுகிறாள். "இதையும் பூஜையில வெச்சாச்சு. நாளைக்கு காலம்பற வரைக்கும் எதுலயும் படக் கூடாது."

அன்றைக்கு வடை பாயசத்தோடு போடுகிற சாப்பாட்டை நான் இடது கையில் ஸ்பூன் பிடித்துத்தான் சாப்பிடுகிறேன்.