மணி ஆம்பளைதான் என்று மீசையில் கை வைத்தேன்

கூண்டுப் பறவையைக் காட்டி, "இது ஆணா, பெண்ணா?" என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் போன் வந்த மாதிரி நடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். 'தெரியாது' என்ற சொல்லை முப்பது வயது வரை உச்சரிக்காமல் வாழ்ந்த ஒருவன் அனுபவிக்கும் தண்டனை இது.

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கெல்லாம் நான்தான் அப்போது நிபுணர். இந்தக் குட்டிக் கிளிகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு அச்சு அசல் ஒன்று. ஜோடி சேர்க்க நினைப்பவர்கள் கூண்டோடு என் வீட்டுக்கு வருவார்கள். நான் ஒரு மோதிரத்தை நூலில் கட்டிப் பறவையின் தலைக்கு மேலே தொங்கவிடுவேன். வட்டமாகச் சுற்றினால் பெண், நேராக ஆடினால் ஆண். (சிரிக்காதீர்கள். வந்தவர்களில் ஒரு பேங்க் மேனேஜரும் உண்டு.) பாதி சரியாக வரும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாகத்தான் வரும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்வி அத்தை பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ஒரு பெண் பார்த்தார். பெயர் யமுனா. "லேப்ல வேலைடா" என்றார் அத்தை. ரத்தம், சிறுநீர் பார்க்கிற லேப் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோவைப் பார்த்ததும் அதையும் நினைக்க மறந்தேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் பத்துமலையில் சாமியாராகிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யமுனா அப்பா அம்மாவோடு எங்கள் வீட்டைப் பார்க்க வந்தாள். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். நான் நேராக என் கூண்டுக்கு அழைத்துப்போனேன். உள்ளே வெள்ளை நிறத்தில் மணி, பச்சை நிறத்தில் மீனா.

"பாருங்க அங்கிள், மணி மாதிரி புருஷன் கிடைக்க மீனா குடுத்து வச்சிருக்கணும். வாயிலேயே ஊட்டி விடுவான். இந்தத் தடவை எட்டு முட்டை!"

"எட்டும் பொரிச்சிச்சா?" என்று கேட்டாள் யமுனா. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இல்ல, மணிக்குக் கொஞ்சம் வீக்னஸ். பாதாம் ஊற வச்சுக் குடுக்கிறேன்."

அவள் அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு பொம்பளைப் பறவைய ஒண்ணா விட்டாலும் ஜோடி சேரும். ரெண்டுமே முட்டை போடும், அதான் இவ்ளோ. மணி ஆண்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

நான் மோதிரத்தை எடுத்து ஆட்டிக் காண்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. பாவி, சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். தன் லேபில் பறவைகளின் இறகை வைத்து ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் தன் வேலை என்று அமைதியாகச் சொன்னாள். நெஞ்சிலிருந்து மூன்று இறகு, வேரோடு பிடுங்கி, தனித்தனிக் கவரில் போட்டு அனுப்பினால் போதுமாம்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் தேத்தாரே டீ ஆற்றிக் கொடுத்திருக்க வேண்டும். நான் மீசையில் கை வைத்தேன். "மணி ஆம்பளை இல்லன்னா இந்த மீசையை எடுத்துடறேன் லா!" என்றேன், வருங்கால மாமனார் முன்னால்.

அவர்கள் போன பிறகுதான் எட்டு முட்டை கண்முன் வந்து நின்றது. மீசை போனால் போகட்டும், முட்டாள் என்று தெரிந்தால் பெண் கிடைக்குமா? மேரு பாசார் சந்தையில் கோழி விற்கும் அண்ணனிடம் போனேன். ஒரு வெள்ளைச் சேவலின் கழுத்தடியில் இருந்து இருப்பதிலேயே சின்ன இறகுகளாக மூன்றைப் பிடுங்கி மணியின் கவரில் போட்டேன். சேவல் எப்படியும் ஆண்தானே! என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, மீனாவின் கவரில் மட்டும் நேர்மையாக மீனாவின் இறகைப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வீட்டில் பாக்கு வெத்திலை மாற்றுவது பற்றிப் பேச உட்கார்ந்தோம். யமுனா ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"பறவைல நமக்குத் தலைகீழ். பொம்பளைக்குத்தான் ரெண்டு வேற வேற குரோமோசோம். அதனால மெஷின்ல பொம்பளைன்னா ரெண்டு கோடு, ஆம்பளைன்னா ஒரு கோடு. மீனா பொண்ணு. மணியோட கவர்ல இருந்தது ஆண்."

நான் மீசையை முறுக்கி அவள் அப்பாவைப் பார்த்தேன்.

"ஆனா கோடு நிக்கிற இடம் லவ் பேர்டோடது இல்ல. எங்க லேப்ல ஒப்பிட்டுப் பார்க்க கோழி சாம்பிள் வச்சிருக்கோம். அதோட அப்படியே ஒத்துப்போச்சு. இது சேவல்."

செல்வி அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாண விஷயம்மா, மணி ஆண்னே எழுதிடேன்" என்று கெஞ்சினார்.

"இறகு சொன்னதைத்தான் அத்தை நான் எழுத முடியும். நாளைக்கு யாரோ ஒருத்தர் என் ரிப்போர்ட்ட நம்பித்தான் ஜோடி சேர்ப்பாங்க."

குரலை உயர்த்தவில்லை, என்னைக் கேலியும் செய்யவில்லை. கவரைப் பிரித்த அன்றே இறகைப் பார்த்துச் சந்தேகம் வந்ததாம். மெஷின் சொல்லும் வரை வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லையாம். அவமானத்தில் காது சுட்டபோதும் நான் அந்தப் பெண்ணை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பத்து வருஷமாக மோதிரத்தை ஆட்டிச் சொன்னதை, இவள் மூன்று இறகை வைத்து, என்ன பறவை என்பது வரை சொல்கிறாளே!

"சேவல் இறகை வச்சு ஏமாத்துறவனுக்கா என் பொண்ணு?" என்று எழுந்தார் அவள் அப்பா. தட்டு, பழம் எல்லாவற்றையும் காரில் திரும்ப ஏற்றினோம்.

மறுநாள் மணியிடம் நாலு கடி வாங்கி, அதன் சொந்த இறகு மூன்றைப் பிடுங்கி அனுப்பினேன். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'இது மணிதான். என்ன வந்தாலும் உங்க அப்பாகிட்ட நானே சொல்றேன்.' சில நாளில் போனில் ஒரு படம் வந்தது. தெளிவாக இரண்டு கோடு.

அந்த சனிக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்துத் தனியாகப் போனேன். கதவைத் திறந்த அவள் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார் தம்பி வேணும்?"

"நான்தான் அங்கிள், கிள்ளான். மணி பொண்ணுதான். மோதிரமெல்லாம் சும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கிள்."

அவர் என் மொட்டை உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "யமுனா, ரெண்டு கிளாஸ் தே போடு" என்றார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தே போனேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி நாலு வருஷம். போன மாதம் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து, "பெண் குழந்தை!" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் எழுந்து முன்னால் போனார்.

"நீங்களே பார்த்தீங்களா மிஸ்ஸி, இல்ல எங்க மாப்பிள்ளை சொன்னாரா?"