புளியமரத்து ஓணானும் பதினோரு பிள்ளைகளும்

சங்கரன்கோவில்
21-6-1951

பள்ளிக்கூட மானேஜரும் என் தாய்மாமாவுமான சண்முகையா அவர்களுக்கு, மருமகன் இசக்கிப்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. குருவிகுளத்தில் தாங்களும் அத்தையும் உழவுமாடுகளும் சுகந்தானே. இங்கே நான் சுகம், மரமும் சுகம். மரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் கோமதியின் கல்யாணச் சமையலுக்கு விறகு வேண்டுமென்று பள்ளிக்கூட முற்றத்துப் புளியமரத்தை வெட்ட நீங்கள் அனுப்பிய வேல்சாமி நேற்றுக் காலை கோடாலியோடு வந்தார், மரத்தில் ஒரு ஆண் ஓணான் கழுத்து ரத்தமாய்ச் சிவந்து அவரைப் பார்த்துத் தலையாட்டியது, அது பார்த்தே தொப்புள் வழியாக ரத்தத்தை உறிஞ்சும் என்று நம் ஊரில் தொப்புளைப் பொத்திக்கொள்வார்களே, அவரும் இடதுகையால் பொத்திக்கொண்டு வலதுகையால் மட்டும் வெட்டினார், மரத்தில் நாலு கீறல் விழுந்தது, ஐந்தாவது வெட்டுக்குக் கோடாலி கைநழுவிப் போய்த் தண்ணீர்ப் பானையை உடைத்தது. "அண்ணாச்சி, ரெண்டு கையாலயும் வெட்டுங்க" என்று ஒப்புக்குச் சொன்னேன். "அப்பம் தொப்புள நீங்க வந்து பொத்துதீயளா வாத்தியாரே?" என்றார். கோடாலியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாமா, அது ரத்தம் குடிக்காது. எறும்பும் பூச்சியும்தான் அதற்குச் சாப்பாடு. ஜோடி தேடுகிற காலத்தில் ஆணுக்குக் கழுத்து சிவக்கும். என் கிளைப்பக்கம் வராதே என்று இன்னொரு ஆணை விரட்டத்தான் தலையாட்டும். இதெல்லாம் பாடம் நடத்துகிற நான் வேல்சாமியிடம் வாய் திறக்கவில்லை. "பொல்லாத ஓணான்தான்" என்று கூடச் சொல்லித் தொலைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் வாசற்படி தாண்டக் கூடாது என்று நீங்கள் உத்தரவு போட்ட பதினோரு சேரிப் பிள்ளைகளும் அந்த மர நிழலில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். நிழல் போனால் அதுக வெயிலில் எத்தனை நாள் உட்காரும்? பள்ளிக்கூடத்த விட்டு நின்னுரும், ஆடு மேய்க்கப் போயிரும். அதனால்தான் பொய் சொன்னேன். மரத்தை விட்டுவிடுங்கள், விறகு வேறெங்காவது பாருங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். கோமதி பதினாறும் பெற்று வாழட்டும், உங்கள் கரிசலில் நல்ல மழை பெய்யட்டும்.

தங்கள் மருமகன்
இசக்கிப்பாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், மரத்தைக் காப்பாற்ற எழுதியிருப்பதைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நாலாம் வகுப்பு வள்ளித்தாய் எழுந்து, "எதுக்கு சார் காப்பாத்துதீய? மரம் இருக்கதுனாலதான எங்கள வெளிய உக்கார வச்சிருக்காவ?" என்று கேட்டாள். மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். ஓணானுக்கு வேலியோரம் நூறு மரம் உண்டு, இந்தப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் இல்லை. ஆள் அனுப்ப வேண்டாம், மரத்தை நானே வெட்டுகிறேன். சனிக்கிழமை விறகு வண்டி வந்துவிடும். திங்கட்கிழமை பதினோரு பேரும் உள்ளே, முன்பெஞ்சில் இருப்பார்கள். எழுப்ப நினைத்தால் நீங்களே நேரில் வந்து எழுப்புங்கள்.